பத்து ரூபாய் நாணயமும் பனித்தடங்களும்: ரும்பக் நாட்குறிப்பு

முதல் நாள், லே

காலை ஏழரைக்கு லடாக்கின் லேயில் இறங்கியபோது மைனஸ் 12. விமானத்தின் படியில் கால் வைத்ததுமே நண்பன், "டேய், மூக்குக்குள்ள ஊசி குத்துதுடா" என்றான். மூக்கு முடி உறைந்துவிட்டிருந்தது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று பாட்டி சொல்லும் பனிக்கும் இதற்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. நமக்குப் பனி என்றால் விடிகாலையில் வாசலை நனைத்துவிட்டு எட்டு மணிக்குள் காணாமல் போகிற சமாச்சாரம். இங்கே அது மாதக்கணக்கில் கிடக்கிறது. கிடப்பதோடு, தன்மேல் நடந்துபோனவர்களின் கணக்கையும் வைத்திருக்கிறது. அந்தக் கணக்கைப் பார்க்கத்தான் வந்திருக்கிறோம்.

பனிச்சிறுத்தையைப் பார்க்கப் போகிறோம் என்று வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பார்க்காமல் திரும்பினால் கேட்பார்கள். தடம் பார்க்கப் போகிறோம் என்றே சொல்லிவைத்தோம். முன்னெச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. 2024 ஜனவரியில் வெளியான முதல் தேசியக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதுமே 718 பனிச்சிறுத்தைகள்தான். அதில் 477 லடாக்கில். பெரிய எண் போலத் தோன்றும். லடாக்கின் பரப்பில் தூவிப் பார்த்தால் நூறு சதுர கிலோமீட்டருக்கு ஒன்றுகூடத் தேறாது.

லே 3,500 மீட்டர் உயரம். உடம்பு அந்த உயரத்துக்குப் பழக முதல் இரண்டு நாள் ஒன்றும் செய்யக்கூடாது, தண்ணீர் குடித்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும். படுத்திருந்தோம்.

இரண்டாம் நாள், லே

தலைவலி. மதியத்துக்கு மேல் கொஞ்சம் தேவலை. மாலையில் வழிகாட்டி வந்தார். ஐம்பது வயதிருக்கும், காது வரை இறங்கிய கம்பளிக் குல்லா. லடாக்கியில் அண்ணனை ஆச்சோ என்பார்கள், மரியாதைக்கு ஒரு 'லே' சேர்க்க வேண்டும். ஆகவே எங்களுக்கு அவர் ஆச்சோ-லே. அவருக்கு நாங்கள் இருவரும் 'சார்'. பேச்சு இந்தியில். என் இந்தி அவருக்குப் பொழுதுபோக்காக இருந்தது.

"பாடம் இங்கேயே ஆரம்பிக்கலாம்" என்று விடுதிக்குப் பின்பக்கம் அழைத்துப் போனார். இரண்டங்குலப் பனி. அதன்மேல் ஊரிலுள்ள தெருநாய்களெல்லாம் நடந்திருந்தன. லேயில் தெருநாய்களுக்குக் குறைவில்லை.

நாய்த்தடம் நீளவாக்கில் இருக்கும், நகக்குறி விழும். நான்கு விரலுக்கும் உள்ளங்கால் மெத்தைக்கும் நடுவில் பனி சற்று மேடாக நிற்கும். அந்த மேட்டின் மேல் மூலைக்கு மூலை கோடு கிழித்தால் பெருக்கல் குறி வரும். பூனைச் சாதிக்கு அப்படி வராது. அதன் தடம் வட்டமானது. நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு நடப்பதால் நகக்குறி இல்லை. மெத்தை பெரிது, பின்விளிம்பில் மூன்று புடைப்புகள். மனிதக் கையைப் போல ஒரு விரல் கொஞ்சம் முன்தள்ளி நிற்கும், அதைப் பார்த்து இடதா வலதா என்றும் சொல்லிவிடலாம்.

இதையெல்லாம் நான் முன்பே படித்திருந்தேன். படிக்காதது அடுத்து அவர் சொன்னது: "சார், ஒரு தடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீங்க. எங்கிருந்து வருது, எங்கே போகுதுன்னு பாருங்க." தெருநாய்த் தடம் சுவரோரம் போகிறது, திரும்புகிறது, கம்பத்தடியில் நிற்கிறது, இன்னொரு நாயைக் கண்டு வட்டமடிக்கிறது. வேலை இல்லாதவன் நடை. "ஓநாய் இப்படி நடக்காது. அதுக்கு வேளாவேளைக்குச் சோறு போட ஆள் இல்லை."

அளவுகோல் கொண்டுவர மறந்துவிட்டேன். சட்டைப்பையில் ஒரு பத்து ரூபாய் நாணயம் கிடந்தது. 27 மில்லிமீட்டர் விட்டம். அதுவே போதும் என்றார் ஆச்சோ-லே.

மூன்றாம் நாள், ஜிங்செனிலிருந்து ரும்பக்

சிந்து நதியைத் தாண்டி ஜிங்சென் வரை வண்டி. அதற்கப்புறம் பள்ளத்தாக்கு வழியே ரும்பக் கிராமத்துக்கு நடை. இது 1981இல் அமைந்த ஹெமிஸ் தேசியப் பூங்கா. பூங்கா என்றதும் மரம் தேடாதீர்கள். ஓடைக்கரையில் வில்லோ மரங்கள், முள்புதர்கள், அவ்வளவுதான். மற்றபடி பாறை, சரளை, மேலும் பாறை.

பனி எங்கும் போர்வையாகக் கிடக்கும் என்று நினைத்து வந்தேன். அப்படி இல்லை. லடாக் குளிர்ப் பாலைவனம். பெய்வதே கொஞ்சம். தெற்கு பார்த்த சரிவில் வெயில் அதையும் தின்றுவிடுகிறது, வடக்கு பார்த்த சரிவில் மட்டும் தங்குகிறது. ஆகவே தடம் பார்ப்பதென்பது கிழிந்த புத்தகம் படிப்பது மாதிரி. பனித்திட்டில் பத்தடி தெரியும், பாறையில் மறையும், அடுத்த திட்டில் மறுபடி தொடங்கும். நடுவில் என்ன நடந்ததென்று நாமே ஊகிக்க வேண்டும்.

உறைந்த ஓடையோரம் முதல் தடம். நான்கு குழிகள் சேர்ந்து ஒரு கொத்து, கொஞ்சம் இடைவெளி விட்டு அடுத்த கொத்து. பக்கத்தில் உருண்டையான புழுக்கைகள். முயல் என்று நானே சொல்லிவிட்டேன். ஆச்சோ-லே தலையாட்டினார். "எந்தப் பக்கம் போயிருக்கு?" இரண்டு பெரிய குழிகள் பக்கம்பக்கமாகக் கிழக்கே, இரண்டு சிறிய குழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேற்கே. சிறியது முன்னங்கால், ஆகவே மேற்கே என்று கிளம்பி, சுமார் நூறடி உற்சாகமாகப் பின்தொடர்ந்தேன்.

பின்தொடர்ந்தேன் என்பது சரியில்லை. முயல் எங்கிருந்து வந்ததோ அங்கே போய்க்கொண்டிருந்தேன். தாவும்போது முயல் முன்னங்காலை ஊன்றி, பின்னங்காலை அதற்கும் முன்னால் கொண்டுபோய் வைக்கிறது. பெரிய குழி இருக்கும் பக்கம்தான் அது போன பக்கம். நண்பன் ஒரு கல்லில் உட்கார்ந்து தெர்மாஸைத் திறந்து, நான் திரும்பி வரும்வரை நிதானமாகக் குடித்தான்.

ரும்பக்கில் விரல்விட்டு எண்ணிவிடலாம், அத்தனை வீடுகள்தான். 2000களின் தொடக்கத்திலிருந்து இங்கே வீட்டில் விருந்தினர் தங்கும் ஏற்பாடு இருக்கிறது. யாருக்கு யார் என்பது முறைப்படி சுழன்று வரும். இதற்குப் பின்னால் ஒரு கணக்கு உண்டு. கொட்டிலுக்குள் இறங்கும் பனிச்சிறுத்தை ஒரே ராத்திரியில் பல ஆடுகளைக் கொன்றுபோடும். முன்பென்றால் ஊரே அதை அடிக்கக் கிளம்பும். இப்போது அதைத் தேடி வருபவர்கள் தரும் வாடகை அந்த நஷ்டத்தை ஓரளவு ஈடுகட்டுகிறது. கொட்டில்களின் மேல் கம்பிவலையும் போட்டிருக்கிறார்கள்.

எங்களுக்கு வாய்த்த வீட்டு அம்மாவை அமா-லே என்று கூப்பிடப் பழகிக்கொண்டோம். புகாரி என்கிற இரும்பு அடுப்பைச் சுற்றி உட்காரவைத்து, உப்பும் வெண்ணெயும் போட்ட குர்குர் சாய் ஊற்றினார். குடிக்கக் குடிக்க ஊற்றுகிறார்கள். போதும் என்று கோப்பையைக் கையால் மூட வேண்டும் என்று நாலாவது கோப்பையில்தான் தெரிந்தது.

நான்காம் நாள், ஹூசிங்

இன்று நான் மானத்தை வாங்கிக்கொண்ட நாள்.

கிராமத்திலிருந்து கீழே இறங்கி ஹூசிங் ஓடைக்குள் போனோம். பத்து மணி, நல்ல வெயில். சரிவைப் பார்த்தபோது பனியில் வரிசையாகப் பெரிய பெரிய வட்டங்கள். ஓடினேன். என் உள்ளங்கை அகலம். நகக்குறி இல்லை. வட்டம். நாணயத்தை வைத்தேன், நான்கு நாணயத்துக்கு மேல் வருகிறது. "ஷான்! ஷான்!" என்று கத்தியேவிட்டேன். ஷான் என்பது பனிச்சிறுத்தைக்கு லடாக்கிப் பெயர். தொலைநோக்கியையும் முக்காலியையும் முதுகில் சுமந்துகொண்டு ஆச்சோ-லே மேட்டில் ஓடிவந்தார். நான்காயிரம் மீட்டரை நெருங்கும் உயரத்தில் ஐம்பது வயதுக்காரரை ஓடவைத்த பாவம் எனக்கு.

அவர் தடத்தைப் பார்க்கவே இல்லை. அது வந்த வழியே கண்ணை ஓட்டினார். "வாங்க" என்று முப்பதடி தள்ளி, ஒரு பெரிய பாறையின் நிழலுக்குக் கூட்டிப் போனார். அதே தடங்கள்தான் அந்த நிழலுக்குள்ளும் தொடர்ந்தன. ஆனால் அங்கே அவை சின்னதாக, நீளமாக, கூர்மையான நகக்குறியோடு இருந்தன. இரண்டு நாணய நீளம். நரி. தையல் போட்டதுபோல ஒரே கோட்டில் போகிற நரி.

வெயிலில் இரண்டு நாள் கிடந்த தடத்தின் விளிம்பு முதலில் கரையும். குழி விரியும், நகக்குறி மறையும், விரலும் மெத்தையும் சேர்ந்து ஒரே வட்டமாகும். நரி சிறுத்தையாகும். இன்னும் இரண்டு நாள் விட்டால் யானைகூட ஆகலாம்.

சாப்பாட்டு நேரத்தில் நண்பன் யெட்டி என்கிற இமயமலைப் பனிமனிதன் கதையை எடுத்தான், என்னைக் குத்திக்காட்டத்தான். 1951இல் பிரிட்டிஷ் மலையேறி எரிக் ஷிப்டன் மென்லுங் பனிப்பாறையில் எடுத்த புகழ்பெற்ற படத்தில் ஒரு பெரிய காலடி, பக்கத்தில் அளவுக்கு ஒரு பனிக்கோடரி. உருகி விரிந்த தடமாக இருக்கலாம் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. கரடி நடக்கும்போது பின்னங்கால் முன்னங்காலின் குழியிலேயே பாதி விழுந்து, இரண்டும் சேர்ந்து நீண்ட ஒற்றைக் காலடி போலாகும் என்பது இன்னொன்று. 2019இல் நம் ராணுவமே நேபாளத்தின் மக்காலு சிகரம் அருகே 32க்கு 15 அங்குலத்தில் யெட்டியின் காலடி கண்டதாகப் படத்தோடு அறிவித்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே, யெட்டியுடையவை என்று வைத்திருந்த எலும்பு, பல், தோல், முடி என ஒன்பது மாதிரிகளின் மரபணுவைச் சோதித்திருந்தார்கள். எட்டு கரடி, ஒன்று நாய்.

"அவங்க எல்லாரையும் விட நீ தேவலைடா. உன்னுது அரை மணி நேரத்துல தெரிஞ்சுபோச்சு" என்றான் நண்பன். இதை ஆறுதலாக எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள், ரும்பக்

விடிந்ததிலிருந்து பனி பெய்கிறது. வெளியே போகவில்லை. புகாரி, குர்குர் சாய், ஸ்க்யூ என்கிற மாவுருண்டைக் குழம்பு, தூக்கம். ஆச்சோ-லே மட்டும் ஜன்னலைப் பார்த்துச் சந்தோஷமாக இருந்தார். "நாளைக்குப் புது ஸ்லேட்டு."

ஆறாம் நாள், தார்புங் பக்கம்

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காட்டுப் பாதைகளைப் பார்த்திருக்கிறேன். முதுமலையில் சேற்றில் புலித்தடம் காட்டிய வேட்டைத் தடுப்புக் காவலர், "நேத்து ராத்திரி மழைக்கு அப்புறம் போனது" என்று நேரத்தை முதலில் சொன்னார், விலங்கை அப்புறம்தான் சொன்னார். இங்கேயும் அதே கணக்கு. பனி நேற்று மாலை ஆறுக்கு நின்றது. இன்று காணும் தடம் எதுவானாலும் அதற்குப் பிற்பாடுதான்.

வீட்டு வாசலிலேயே தொடங்கியது. வைக்கோல் போரிலிருந்து சுவரோரம் வரை ஓர் எலி ஓடிய கோடு. கல்லிடுக்குகளுக்கு இடையே பைக்காவின் தாவல்கள். காது வட்டமான, வாலில்லாத குட்டி விலங்கு அது. மர்மோட் என்கிற மலை அணில் மாதிரிக் குளிர்காலம் முழுக்கத் தூங்காது, கோடையில் சேர்த்த புல்லைத் தின்றுகொண்டு விழித்திருக்கும். சக்கர் கௌதாரிக் கூட்டத்தின் மூன்று விரல் தடங்கள், கோலம் போடத் தெரியாதவர் போட்ட கோலம் போல. அப்புறம் நரி. அதன் ஒற்றைக்கோடு ஓரிடத்தில் சட்டென்று நின்று, நாலடி தள்ளி ஆழமான ஒரு குழி. பனிக்கடியில் எலி ஓடும் சத்தம் கேட்டு, மேலே எழும்பித் தலைகீழாகப் பாய்ந்திருக்கிறது. ஆழ்ந்த பனியில் வடகிழக்கு நோக்கிப் பாயும் நரிக்கே இரை அதிகம் சிக்குகிறது, பூமியின் காந்தப்புலத்தை அது பயன்படுத்துகிறதோ என்று செக் நாட்டு ஆய்வாளர்கள் 2011இல் எழுதினார்கள். நண்பன் கைபேசியில் திசைகாட்டியைத் திறந்தான். எங்கள் நரி மேற்கே பாய்ந்திருந்தது. குழியில் ரத்தமும் இல்லை, முடியும் இல்லை.

தார்புங் பள்ளத்தாக்கின் வாயிலில் ஆச்சோ-லே நின்றுவிட்டார். கையை மட்டும் தாழ்த்திக் காட்டினார்.

பாறைச் சுவரின் அடியோடு ஒட்டி ஒரு வரிசை. திறந்த வெளி பக்கத்திலேயே இருக்க, அதை விட்டுப் பாறையோரமாகவே போயிருந்தது. மண்டியிட்டேன். ஐந்து விரற்கடை அகலம். நான்கு விரல்கள் சீரான வளைவில் இல்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. மெத்தை பெரிது, நகம் இல்லை. குளிர்காலத்தில் பாதத்தின் அடியிலும் முடி அடர்ந்திருப்பதால் விளிம்பு கொஞ்சம் மங்கல், ஈரத்துணியை வைத்து எடுத்தாற்போல. முன்னங்கால் பதிந்த இடத்திலேயே பின்னங்கால் பதிந்திருந்தது. நான்கு காலில் நடந்த விலங்கு இரண்டு காலில் நடந்ததுபோல.

இந்த முறை நான் கத்தவில்லை. தடத்துக்கு முன்னும் பின்னும் பார்த்தேன். நிழலில்தான் இருந்தது. உருகவில்லை.

நாணயத்தைப் பக்கத்தில் வைத்தேன். பைக்குள் உடம்புச் சூட்டில் இருந்த நாணயம் பனியை உருக்கிக்கொண்டு கால் அங்குலம் இறங்கியது. மூன்றரை நாணயம்.

"எப்போ போயிருக்கும்?" என்று கேட்டேன். ஆச்சோ-லே கையுறையைக் கழற்றி, தடத்தின் விளிம்பை ஒரு விரலால் தொட்டார். மாவு போல உதிர்ந்தால் இப்போதுதான் போனது. மிதிபட்ட பனித்துகள்கள் சிறிது நேரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கெட்டியாகும். இது கெட்டியாக இருந்தது. குழிக்குள் ஊசி ஊசியாக மெல்லிய உறைபனி பூத்திருந்தது. அது விடியும் குளிரில்தான் பூக்கும். "பனி நின்ன பிறகு, விடியறதுக்கு முன்னே. நடுராத்திரி."

இருநூறு மீட்டர் தொடர்ந்தோம். சாய்ந்து கூரை போல நின்ற ஒரு பாறையடியில் பின்னங்காலால் பனியையும் மண்ணையும் வாரித் தள்ளிய கீறல், ஒரு சாண் நீளம், பின்முனையில் சிறு குவியல். பாறையின் உட்புறம் காய்ந்த கறை. மூக்கை வைத்தேன். பூனை மூத்திரம்தான், ஆனால் பத்துப் பூனை சேர்ந்தாற்போல. ஜனவரியிலிருந்து மார்ச் வரை இவற்றுக்கு இணைசேரும் காலம். வருகிறவர்களுக்கு எழுதிவைக்கும் விலாசம் இது.

அதற்கு மேலே, ஒரு விளிம்பில், அது படுத்திருந்த இடம். உடம்புச் சூட்டில் பனி இளகி, எழுந்து போனபின் மறுபடி உறைந்து, கண்ணாடி பூசியதுபோல ஒரு நீள்வட்டம். ஒரு பக்கத்தில் வளைந்து ஓடும் தடித்த பள்ளம். வால். உடம்பைச் சுற்றிக்கொண்டு படுக்கிற அந்த வால் உடம்பு நீளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. கண்ணாடிப் பரப்பில் நாலைந்து முடி ஒட்டிக்கிடந்தது. அங்கேயே குந்திப் பார்த்தால் எதிர்ச்சரிவு முழுவதும் தெரிகிறது. சரிவில் பரல் என்கிற காட்டு மலையாடுகள், லடாக்கியில் நாப்போ, பதினேழு. மேய்ந்துகொண்டிருந்தன.

அங்கிருந்து தடம் பாறையில் ஏறி மறைந்தது. மாலை வரை தொலைநோக்கியில் ஒவ்வொரு பாறையாகத் தேடினோம். ஒன்றுமில்லை. வீட்டுக்குத் திரும்பியபின்தான் நினைவு வந்தது, நாணயம் அங்கேயே பனியில் கிடக்கிறது.

ஏழாம் நாள், யுருட்சே

ஒரே ஒரு வீடு இருக்கிற ஊர் யுருட்சே. காண்டா லா கணவாய்க்குப் போகும் வழி. ராத்திரி முழுக்கக் காற்றடித்திருந்தது. ஒரு மேட்டில் விசித்திரமான காட்சி: தடங்கள் குழியாக இல்லாமல் மேடாக நின்றன. மிதிபட்டு இறுகிய பனி அப்படியே நிற்க, சுற்றிலும் இருந்த தூள்பனியைக் காற்று வாரிக்கொண்டு போய்விட்டது. அச்சு வெல்லம் வரிசையாகக் கவிழ்த்து வைத்ததுபோல ஓநாயின் காலடிகள். ஒரு சாணுக்குப் பாதி நீளம், நகம் தெளிவாக.

லடாக்கியில் ஷாங்கு. கயிறு பிடித்த மாதிரி கணவாயை நோக்கி ஒரே கோடு. ஒன்றுதான் என்று நான் எண்ணியிருந்தேன். அரைக் கிலோமீட்டர் போய், பாதை ஒரு பாறையைச் சுற்றும் இடத்தில் அந்த ஒரு கோடு மூன்றாகப் பிரிந்தது. முன்னால் போனதன் காலடியிலேயே பின்னால் வந்தவை கால் வைத்திருக்கின்றன. பாறையைத் தாண்டியதும் மறுபடி ஒன்று.

ஓநாய்க்கு இங்கே ஷானுக்குக் கிடைக்கும் மரியாதை இல்லை. ஷாங்டோங் என்ற கற்பொறியைப் பற்றி ஆச்சோ-லே சொன்னார். உள்சாய்ந்த சுவர் வைத்த பெரிய குழி, உள்ளே உயிருள்ள ஆடு. குதிக்கும் ஓநாய் ஏற முடியாது, ஊர் கூடிக் கல்லெறியும். கிழக்கு லடாக்கில் சுஷுல் பக்கம் அப்படிப்பட்ட பொறிகளைச் செயலிழக்கச் செய்து, அருகே ஸ்தூபம் கட்டியிருக்கிறார்கள். ஓநாய்க்கு டிக்கெட் எடுத்து யாரும் வருவதில்லையே, ஸ்தூபமாவது இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டாம் நாள், லே

திரும்பிவிட்டோம். வெந்நீரில் குளித்தேன். வேறொன்றும் எழுதுவதற்கில்லை என்றுதான் இருந்தேன்.

சாயங்காலம் விடுதியின் பின்பக்கம் போனால், நாய்த்தடங்களுக்கு நடுவே, மதிலோரமாக, மதிலை ஒட்டியே, ஒரு மெல்லிய வரிசை. நகம் இல்லை. ஒரு விரல் முன்தள்ளி. பின்னங்கால் முன்னங்காலின் குழியிலேயே. விறகுக் கட்டுக்குக் கீழே பனி தொடாத இடத்தில் மண்ணைக் கீறிய ஒரு சின்னத் தடம்.

"இங்க வாடா, ஒரு பத்து ரூபா காயின் இருந்தா எடுத்துட்டு வா" என்று நண்பனைக் கூப்பிட்டேன். கொண்டுவந்தான். தடத்தின்மேல் வைத்தேன். கிட்டத்தட்ட முழுதாக மூடிக்கொண்டது.

"ஷானா?" என்றான்.

சமையற்கட்டு ஜன்னலுக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.